புது வீட்டுக் குழாயைத் திறக்கும் முன்

பால் காய்ச்சிக் குடிபுகும் நம் வழக்கத்தில் நிறைகுடத்துக்குத் தனி இடம் உண்டு. இல்லத்தில் நீர் குறையாதிருக்க வேண்டும் என்ற வேண்டுதல் அதில் அடங்கியிருக்கிறது. அவ்வேண்டுதலோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதற்கான கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது? வீட்டிலுள்ள அனைவரும் இதனை அப்படியே அருந்தலாமா?

கொடைக்கானலிலும் பழனி மலையின் பிற ஊர்களிலும் புதிதாகக் குடியேறுவோர் முதல் இரண்டு கேள்விகளை ஓரளவு கேட்டுவிடுகிறார்கள்; மூன்றாவதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கும், கைக்குழந்தையுடன் புது வீட்டுக்குச் செல்லும் தாய்மார்களுக்கும், சிறுநீரக நோயாளிகளுக்கும் மூன்றாவது கேள்வியே முதன்மையானது.

நீர் வரும் வழி

கொடைக்கானல் நகருக்கு நடுவிலுள்ள ஏரி, மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சு அவர்களின் முயற்சியால் 1863-இல் உருவாக்கப்பட்டது. அது காட்சிக்கும் படகுச் சவாரிக்கும் உரியது. நகராட்சியின் குடிநீரோ, அப்சர்வேட்டரிப் பகுதியிலுள்ள நீர்த்தேக்கம் போன்ற மேட்டுநிலத் தேக்கங்களிலிருந்து வருகிறது. ஏரியிலிருந்து வழியும் நீரே மலைப்பாதையோரம் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. நகரின் நடுவே தேங்கி நின்று வழியும் நீர் என்பதால், அதனைக் கையில் ஏந்திக் குடிப்பது தகாது.

மலை ஊர்களில் நகராட்சிக் குழாய், ஊராட்சிக் குழாய், ஊற்று, கிணறு, ஆழ்துளைக் கிணறு, தனியார் தண்ணீர் லாரி எனப் பல வழிகளில் நீர் வீட்டை அடைகிறது. ஒரே வீட்டுத் தொட்டியில் மழைக்காலத்தில் ஊற்று நீரும் கோடையில் லாரி நீரும் நிறைவதுண்டு. எனவே வீட்டு உரிமையாளரிடம், "தண்ணீர் வருகிறதா?" என்று மட்டும் கேட்பது போதாது. எந்த மாதத்தில் எந்த நீர் வருகிறது, எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று கேட்டறிய வேண்டும். ஊற்றையோ கிணற்றையோ நம்பும் வீடாயின், மேல்சரிவில் யாருடைய கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது என்பதையும் நேரில் நடந்து பார்ப்பது நன்று. உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் இடையே 15 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சரிவான நிலத்தில் அந்த இடைவெளியும் போதாமல் போகலாம். கழிவும் நீரைப் போலக் கீழ்நோக்கியே செல்லும்.

கட்டணமும் கணக்கும்

நகராட்சி இணைப்புள்ள வீட்டுக்குச் சொத்து வரி விதிப்பு எண்ணும் குடிநீர் இணைப்பு எண்ணும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும் அக்டோபர் முதல் மார்ச் வரையும் எனக் கணக்கிடப்படுகிறது. குடிநீர்க் கட்டணம் எந்தக் காலத்துக்கு உரியது, எதுவரை செலுத்தப்பட்டுள்ளது என்பதை ரசீதில் பார்த்தறியலாம். முந்தையவர் வைத்துச் சென்ற நிலுவை பெரும்பாலும் இணைப்பின் மேலேயே நிற்கும். ஆதலால் வீடு வாங்குவோர் நிலுவையின்மையை உறுதி செய்து இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதும், வாடகைக்கு வருவோர் குடிநீர்க் கட்டணமும் லாரிச் செலவும் யாருடையவை என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதும் பின்னாளைய மனத்தாங்கலைத் தவிர்க்கும். வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவோர், வீட்டு இணைப்புக்கும் வணிக இணைப்புக்கும் கட்டணம் வேறு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மீட்டர் இருந்தால் 1 கிலோலிட்டர் என்பது 1,000 லிட்டர். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில், பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களுக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்திய அரசின் வழிகாட்டு அளவு. ஊரகக் குழாய் இணைப்புகளுக்கு 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் 55 லிட்டரை அளவாகக் கொண்டுள்ளது. நால்வர் உள்ள குடும்பம் 135 லிட்டர் வீதம் செலவிட்டால் நாளுக்கு 540 லிட்டர் ஆகும். 1,000 லிட்டர் தொட்டி இரண்டு நாள்கூட முழுமையாக வராது. நான்கு நாளுக்கு ஒரு முறை நீர் வரும் தெருவில் இக்கணக்கைப் போடாமல் குடியேறினால், லாரிச் செலவு ஓசையின்றிப் பையைக் காலி செய்யும்.

கசிவையும் கவனியுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கும் மேல் வீணாக்குகிறது. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் மீண்டும் பாருங்கள். மட்டம் தாழ்ந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். நீர் வெளியேறும் விரிசல் வழியே, குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் அழுக்கும் உள்ளே புகும் என்பதால், கசிவு நம் உடல்நலத்தையும் தொடும் செய்தி.

தெளிவு வேறு, தூய்மை வேறு

மலைநீர் குளிர்ந்தும் தெளிந்தும் இருக்கும். அவ்விரண்டையும் தூய்மைக்குச் சான்றாகக் கொள்வதே இங்கு மிகப் பரவலான பிழை. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றைத் தரும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியா, சுவையையும் மாற்றா. வெயிலில் காயும் சமவெளி நீரைவிடக் குளிர்நீரில் அவற்றுட் பல நீண்ட நாள் உயிரோடிருக்கும். குளோரின் செயல்படும் வேகமும் குளிரில் குறையும். ஆகவே தொட்டியில் பிளீச்சிங் பொடி கலந்தால், 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில் ஒரு வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். குழாய்நீரில் இலேசான குளோரின் வாடை வந்தால் நீர் கெட்டுவிட்டது என்று சிலர் ஊற்று நீரை நாடுகிறார்கள். உண்மையில் அவ்வாடை, கிருமிநாசினி கடைசிக் குழாய் வரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

மூன்று நிமிடக் கொதி

கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதே காரணம். அந்த வெப்பமும் கிருமிகளைக் கொல்லப் போதுமானதே. நேரத்தை மட்டும் சற்று நீட்ட வேண்டும். சமவெளியில் நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்க வேண்டும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற ஊர்கள் அவ்வுயரத்துக்குக் கீழே உள்ளவை. எனினும் மலை முழுவதற்கும் மூன்று நிமிடம் என்று மனத்தில் கொள்வது எளிது.

வீட்டு நீர் முழுவதையும் காய்ச்ச வேண்டியதில்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் எனக் கொண்டால் நால்வருக்கு 20 லிட்டர். சமையலில் நன்கு கொதிப்பது போக, குடிப்பதற்குரியதை மட்டும் காய்ச்சினால் எரிவாயுச் செலவு அளவோடு நிற்கும்.

காய்ச்சியபின் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, வெதுவெதுப்பாக்குவதற்காகக் கொதித்த நீருடன் பச்சைத் தண்ணீரைக் கலப்பது. கலந்த நொடியில் காய்ச்சிய பயன் போய்விடுகிறது. மற்றொன்று, பானைக்குள் டம்ளரையும் விரல்களையும் சேர்த்து முக்குவது. குழாய் பொருத்திய மூடிய பாத்திரம் இருந்தால் இரண்டாவது பிழைக்கு இடமில்லை.

கொதியால் நீங்காதவை

கொதி கிருமிகளைக் கொல்லும். உப்பு, ஃபுளோரைடு, உலோகங்கள் ஆகியவற்றை நீக்காது. திண்டுக்கல் மாவட்டச் சமவெளியில் சில இடங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. கொடைக்கானலின் கவலை வேறு. 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பாதரசம் மலையில் கலந்தது. ஏரியின் நீரிலும் மீன்களிலும் பாதரசம் இருந்ததை 2006-இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது. இதற்காக ஒவ்வொரு குழாயையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அத்தொழிற்சாலைப் பகுதிக்குக் கீழ்ச்சரிவில் கிணற்றையோ ஊற்றையோ நம்பி வாழ்வோர், உலோகச் சோதனையையும் சேர்த்துச் செய்துகொள்வது அறிவுடைமை.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்குரிய மாதிரியை ஆய்வகம் தரும் தூய குப்பியில் எடுத்துக் குளிரில் வைத்து விரைந்து சேர்க்க வேண்டும். அறிக்கையில் சில எண்களைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரப்படி, 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருத்தல் ஆகாது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமும், நைட்ரேட் 45 மில்லிகிராமும், பாதரசம் 0.001 மில்லிகிராமும் ஏற்கத்தக்க மேல் எல்லைகள்.

இவ்வெண்கள் கையில் இருந்தால் வடிகட்டி விற்பனையாளரின் பேச்சை எடைபோடலாம். மலையின் மேற்பரப்பு நீரில் உப்பு இயல்பாகவே குறைவு. அத்தகைய நீருக்கு, மூன்று பங்கு உள்ளே ஊற்றினால் ஏறக்குறைய இரு பங்கை வீணாக வெளியேற்றும் ஆர்.ஓ. கருவி பெரும்பாலும் தேவைப்படாது. கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராமுக்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019-இல் கூறியது. ஆய்வில் உலோகமோ ஃபுளோரைடோ மிகுந்திருந்தால் மட்டும் வேறு முடிவெடுக்கலாம்.

யாருக்குக் கூடுதல் கவனம்

புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்வோரும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் பல் துலக்கவும் காய்ச்சி ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். கருவுற்றோருக்கு ஹெபடைடிஸ்-இ வகை மஞ்சள் காமாலை உயிருக்கே இடர் தரக்கூடியது; வெளியிடங்களில் பச்சைத் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள். முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர் புகட்ட வேண்டாம். சிறுநீரக, இதய நோயாளிகள் நீரின் தூய்மையோடு, மருத்துவர் குறித்த அளவையும் பின்பற்ற வேண்டும்.

வயிற்றுப்போக்கு தொடங்கியவுடன் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் குறித்த அளவு, பொதுவாக 1 லிட்டர், காய்ச்சி ஆறிய நீரில் முழுதாகக் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், தணியாத காய்ச்சல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், குழந்தை சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் எனக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வரும்போது வீட்டுக்கு எந்த நீர் வருகிறது, அண்மையில் அது மாறியதா என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள். ஒரே தெருவிலிருந்து இருவர் அதே பதிலைச் சொன்னால், மூன்றாமவர் நோயுறும் முன் அந்த நீரைத் தடுத்து நிறுத்த வழி பிறக்கும்.