போர்டில் 499, கையில் 589. 4 நாள் சிவப்பு விளக்கு! வீட்டு இன்டர்நெட்டை நம்பி கூலியை இழந்த பெண்

சென்னை,

செவ்வாய்க்கிழமை. காலை மணி 9-10. பெரம்பூர் பக்கம் ஒரு குறுகிய தெரு. மாடி வீட்டில் ஒரு பெண்மணி கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். திரையில் ஒன்றும் வரவில்லை.

சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். எப்போதும் பச்சை விளக்கு எரியும். அன்று சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

அந்தச் சிவப்பு விளக்கு அணைய 4 நாள் ஆயிற்று. அந்த 4 நாளில் அவர் இழந்தது 2,400 ரூபாய்.

கோளாறைச் சரி செய்ய ஆன நேரம் எவ்வளவு தெரியுமா? வெறும் 20 நிமிடம்!

நாள் கூலி 600

அவருக்கு வயது 38. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள். பிளஸ்-2 படிக்கிறாள்.

ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் பில்களை வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவருடைய வேலை. காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை. நாள் ஒன்றுக்கு 600 ரூபாய். வேலை பார்த்தால்தான் காசு. இன்டர்நெட் இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் காசு இல்லை.

"வீட்ல நெட்டுன்னா சினிமா பாக்கறதுக்குன்னு நினைக்கிறாங்க. எனக்கு அதுதாங்க அடுப்பு" என்றார் அவர்.

செல்போனை வைத்து வேலை பார்க்க முயன்று பார்த்தார். அன்றைய ஒதுக்கீடு மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. வீட்டுக்குள் சிக்னலும் சரியாக இல்லை. மொட்டை மாடி வெயிலில் நின்று பார்த்தார். பாதி வேலைக்குக் கம்பெனி கணக்குப் போடாது.

தெருமுனையில் ஒரு போர்டு

இந்த இணைப்பை அவர் வாங்கியது எப்படி?

தெருமுனையில் ஒரு போர்டு. "அதிவேக பைபர் இன்டர்நெட். மாதம் ரூ.499. 100 எம்.பி. வேகம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. முன்பு அந்த ஏரியாவுக்கு கேபிள் டி.வி. கொடுத்தவர்தான் இப்போது இன்டர்நெட்டும் கொடுக்கிறார்.

பெரிய கம்பெனி ஒன்றில் இதே வேகத்துக்கு 649 ரூபாய் சொன்னார்கள். இங்கே 150 ரூபாய் குறைவு. பெண்மணி சம்மதித்தார்.

பணம் கட்டும்போதுதான் 18 சதவீத ஜி.எஸ்.டி. முளைத்தது. 499 ரூபாய் 589 ரூபாய் ஆனது.

"ஆறு மாசம் மொத்தமா கட்டுங்க மேடம், ஒரு மாசம் இலவசம்" என்று ஆசை காட்டினார்கள். ஆறு மாதத்துக்கு 3,533 ரூபாய். பெட்டிக்கு டெபாசிட் 1,500 ரூபாய். மொத்தம் 5,033 ரூபாய். நகைச் சீட்டுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

பில் கொடுத்தார்களா? இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் தொகையையும் தேதியையும் எழ்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

"ரோடு தோண்டுறாங்க மேடம்"

சிவப்பு விளக்கைப் பார்த்ததும் ஆபீசுக்குப் போன் செய்தார். ஒரு பெண் பேசினாள்.

"ரோடு தோண்டுறாங்க மேடம். லைன் கட்டாயிருக்கு. ஈவினிங் வந்துடும்."

மாலையில் வரவில்லை. புதன்கிழமையும் அதே பதில். "ரோடு தோண்டுறாங்க மேடம்."

"பக்கத்து வீட்லயும் உங்க லைன்தாம்மா. அவங்களுக்கு வருதே! ரோட்ல கட்டானா அவங்களுக்கும் வராதுல்ல?" என்று பெண்மணி கேட்டார்.

சரியான கேள்வி. பதில் இல்லை. "சொல்றேன் மேடம்" என்று போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை முதலாளிக்கே போன் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. பிறகு "சுவிட்ச் ஆப்."

பெண்மணி ஒரு காரியம் செய்தார். போன் செய்த நேரத்தையும், கிடைத்த பதிலையும் தினசரி காலண்டர் தாளில் எழுதி வைத்தார். 4 நாளில் 17 போன்! புகார் எண் கேட்டார். "எங்ககிட்ட அதெல்லாம் இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டார்கள்.

இரவில் வந்த பையன்

வெள்ளிக்கிழமை இரவு 10-30 மணி. வாசலில் பைக் சத்தம். தோளில் பையுடன் ஒரு வாலிபர்.

"மன்னிச்சிடுங்க அக்கா. இன்னைக்குத்தான் உங்க பேர் லிஸ்ட்ல வந்துச்சு."

பெட்டியில் இருந்த வயரைக் கழற்றி ஒரு சின்ன மீட்டரில் சொருகினார். வெளிச்சமே வரவில்லை. பிறகு பேனா போன்ற ஒரு கருவியில் இருந்து சிவப்பு லேசர் வெளிச்சத்தை வயருக்குள் அனுப்பினார். வெளிச்சம் எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டே மாடிக்குப் போனார்.

மொட்டை மாடியில், தண்ணீர் தொட்டிக்குப் பின்னால், இருட்டில் சிவப்பாக ஒரு புள்ளி!

திங்கட்கிழமை மாலை பிளம்பர் வந்து தொட்டிக்குப் புதுக் குழாய் மாட்டியிருக்கிறார். குழாயோடு பைபர் வயரையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். வயர் மடங்கி உள்ளே முறிந்துவிட்டது. பைபர் என்பது தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழை. அதற்குள் ஓடுவது மின்சாரம் அல்ல, வெளிச்சம். செம்புக் கம்பி போல் மடக்கினால் தாங்காது.

வாலிபர் முறிந்த இடத்தை வெட்டி, புது முனை போட்டு இணைத்தார். 10-50 மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

தெருவில் ரோடு தோண்டியது உண்மைதான். ஆனால் இந்த வீட்டு லைனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யாராவது ஒருவர் முதல் நாளே வந்து பார்த்திருந்தால் 600 ரூபாயோடு போயிருக்கும்.

340 வீட்டுக்கு ஒரே ஆள்

ஏன் வரவில்லை? வாலிபரே சொன்னார்.

"இந்த ஏரியால 340 வீடு அக்கா. ரெண்டு பேர் இருந்தோம். ஒருத்தன் சாப்பாடு டெலிவரிக்குப் போயிட்டான். இப்ப நான் ஒரே ஆள். ரோடு தோண்டின இடத்துல மூணு நாளா ஒட்டிட்டு இருந்தேன். சம்பளம் 14 ஆயிரம். பெட்ரோல் என் கைக்காசு."

முதலாளி என்ன சொல்கிறார்? "பெரிய கம்பெனிக்காரன் விலையை இறக்கினான். நாங்களும் இறக்கினோம். இல்லேன்னா ஒரு வீடு தங்காது. வாடகை, கரண்டு, மேல கம்பெனிக்குக் கட்ற பங்கு எல்லாம் போக இன்னொரு ஆள் போட வழியில்ல" என்கிறார்.

அதாவது, குறைத்த அந்த 150 ரூபாயில் இன்னொரு ஆளின் சம்பளமும் இருக்கிறது! வரியோடு சேர்த்தால் பெண்மணிக்கு மாதம் 177 ரூபாய் மிச்சம். ஆறு மாதத்துக்கு 1,062 ரூபாய். நான்கே நாளில் போனதோ 2,400 ரூபாய்.

சின்ன கம்பெனியால் நன்மையே இல்லையா? இருக்கிறது. கூப்பிட்டால் பேர் சொல்லிப் பேசுவார்கள். இரவு 10-30 மணிக்கும் பைக்கில் ஆள் வரும். ஆனால் எல்லாம் அந்த ஒரு ஆளை நம்பித்தான்.

100 எம்.பி. என்பது என்ன?

வேகத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு.

போர்டில் எழுதுவது 100 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே 100 என்று வாங்கினால், நொடிக்கு 12½ மெகாபைட்தான் இறங்கும். இது மோசடி அல்ல, கணக்கு.

அடுத்தது, பங்கு. ஆபீசில் இருந்து வரும் ஒரு பைபர் இழையைப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். பரவலாக உள்ள முறையில், அந்த ஒரு இழையில் வருவது 2,500 மெகாபிட். 64 வீட்டுக்கும் ஒரே நேரத்தில் 100 கொடுக்க வேண்டும் என்றால் 6,400 வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் தொழில் நடக்கிறது. வெளியே இருந்து வாங்கும் மொத்த இணைப்பையும் கஞ்சத்தனமாக வாங்கினால், இரவு 8 மணிக்கு வட்டம் சுற்றும்.

குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? 2 மெகாபிட்டுக்குக் குறைந்தால் அதைப் 'பிராட்பேண்ட்' என்றே சொல்லக்கூடாது என்று 2023-ல் மத்திய அரசு வரையறுத்தது. அதற்கு முன்பு 512 கிலோபிட் போதும் என்று இருந்தது.

லைசென்ஸ் யார் பேரில்?

பெண்மணிக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தெருமுனை முதலாளிக்குச் சொந்தமாக லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் வேறொரு கம்பெனியின் பேரில். இவர் அவர்களுக்கு ஏஜெண்ட். பணம் வாங்கியவர் ஒருவர், பொறுப்பு உள்ளவர் இன்னொருவர்! இப்படிப் பல தெருக்களில் நடக்கிறது.

டெலிபோன், இன்டர்நெட் துறைக்கான ஒழுங்குமுறை ஆணையம் 'டிராய்'. அது 2012-ல் புகார் தீர்வு விதிகளைக் கொண்டு வந்தது. புகார் கொடுத்தால் புகார் எண் தர வேண்டும், தீர்க்காவிட்டால் கம்பெனிக்குள்ளேயே மேல்முறையீடு என்பது அந்த முறை. ஆனால் தனி ஆளின் புகாரை டிராய் நேரில் விசாரிப்பது இல்லை.

பின் எங்கே போவது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டெலிபோன் விவகாரம் அங்கே செல்லாது என்று முன்பு தட்டிக் கழித்தார்கள். 2022 பிப்ரவரியில், ஒரு செல்போன் கம்பெனி தொடர்ந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்தை நிராகரித்தது. நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று தீர்ப்புக் கூறியது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பார்க்கலாம்.

ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பில் இருக்கா?"

பணம் கட்டும் முன்...

* ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கேளுங்கள். பதிவு செய்யாதவருக்கு உங்களிடம் ஜி.எஸ்.டி. வசூலிக்க உரிமை இல்லை.

* லைசென்ஸ் எந்தக் கம்பெனி பேரில் என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியின் புகார் நம்பரையும் வாங்குங்கள்.

* "ஒரு மாதம் இலவசம்" என்ற ஆசையில் ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மாதா மாதம் கட்டுகிறவருக்குத்தான் மரியாதை.

* பெட்டிக்கு டெபாசிட் கொடுத்தால், திருப்பித் தருவார்களா, எத்தனை நாளில் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

* லைன் போனதும் பக்கத்து வீட்டில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோளாறு உங்கள் வீட்டுப் பக்கம். அதைச் சொல்லியே புகார் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் கொடுத்தால் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும்.

79 ரூபாய் நஷ்ட ஈடு!

சனிக்கிழமை காலை பெண்மணி நேரில் ஆபீசுக்குப் போனார். காலண்டர் தாள்களை மேஜை மேல் வைத்தார்.

முதலாளி அவற்றைப் படித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலு நாள் சேர்த்துத் தர்றேம்மா" என்றார்.

நாலு நாள் இன்டர்நெட்டின் விலை 79 ரூபாய்.

"என் கூலி 2,400 ரூபாய் யார் தருவா?" என்று பெண்மணி கேட்டார். அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் முதன் முறையாகக் கம்பெனி பேரும் ஜி.எஸ்.டி. எண்ணும் போட்ட பில் அச்சாகி வந்தது. டெபாசிட் 1,500 ரூபாயும் அதில் ஏறியது.

வேறு கம்பெனிக்கு மாறப் போகிறாரா?

"கட்டின பணம் தீர்ற வரைக்கும் இருந்துதானே ஆகணும்? அந்தப் பையன் மேல தப்பு இல்ல. பாவம், ராத்திரி சாப்பிடாம வந்தான். ஆனா இனிமே மாசா மாசம்தான் கட்டுவேன்" என்றார்.

செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு காலண்டர் தாள்களையும் அவர் தூக்கிப் போடவில்லை. பில்லோடு சேர்த்துக் குத்தி, ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்திருக்கிறார்.