நயவசனிப்பு என்றால் என்ன?



சென்ற மாதம் வேதபாட வகுப்பில் ஒரு வாலிபப் பெண் எழுந்து நின்று, "பாஸ்டர், நயவசனிப்பு என்றால் என்ன? அப்பாவைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை" என்றாள். மும்பையில் பிறந்து, இந்தியும் ஆங்கிலமும் பள்ளியில் படித்து, தமிழை வேதாகமத்திலிருந்தே எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்ட பிள்ளை அவள். வகுப்பிலிருந்த பெரியவர்களும் என் முகத்தையே பார்த்தார்கள். ஆண்டாண்டு காலமாக நாம் வாசிக்கிற சொல்தான். ஒருவரும் அதனருகில் நின்று பார்த்ததில்லை.

நாம் சற்று நின்று பார்ப்போம். 1871-இல் வெளிவந்த நம் தமிழ் வேதாகமத்தில் ரோமர் 16:18-லும் கொலோசெயர் 2:4-லும் இச்சொல் வருகிறது. 1 கொரிந்தியர் 2:4-ல் இதன் உடன்பிறப்பாகிய 'நயவசனம்' இருக்கிறது. வசனம் என்றால் பேச்சு. நமக்கு அது வேதவாக்கியம். சினிமாக்காரருக்கோ கதாநாயகன் முழங்குவது. 'வசனித்தல்' வழக்கொழிந்துவிட்டது. 'நயம்' மட்டும் இன்னும் நம் வீடுகளில் உயிரோடிருக்கிறது. மளிகைக் கடையில் நயம் பருப்பு என்றால் தரமான பருப்பு. தமிழ்த் தேர்வில் நயம் பாராட்டுக என்றால் செய்யுளின் அழகை எடுத்துக்காட்ட வேண்டும். முரண்டு பிடிக்கிற பேரனிடம் "நயமாகச் சொல்லிப் பார்" என்கிற பாட்டியே, எதிர்வீட்டுக்காரனை "நயவஞ்சகன்" என்றும் சொல்லுவாள். பெங்களூரில் வசிக்கும் வாசகர்கள் அதே சொல்லைக் கன்னடர் வாயிலும் கேட்டிருப்பீர்கள். பழந்தமிழிலே நயத்தல் என்பதற்கு விரும்புதல் என்று பொருள். ஆகவே, கேட்பவனுடைய உள்ளத்தில் விருப்பத்தைப் பிறப்பிக்கிற பேச்சு என்று நயவசனிப்புக்குப் பொருள் கொள்ளலாம். அந்த விருப்பம் அவனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அச்சொல் நமக்குச் சொல்வதில்லை.

மூல மொழியாகிய கிரேக்கத்தில் இந்த இரண்டு வசனங்களிலும் இருப்பது ஒரே சொல் அல்ல. ரோமரில் 'கிறேஸ்தொலொகியா'; நல்லவனைப்போலப் பேசுதல் என்பது அதன் கருத்து. கி.பி. 193-ல் ஏறக்குறைய மூன்றே மாதம் ஆண்டு கொலையுண்ட ரோமப் பேரரசன் பெர்தினாக்ஸுக்கு, இனிக்கப் பேசி ஒன்றும் செய்யாதவன் என்று இதே சொல்லைப் பட்டப்பெயராக வைத்திருந்தார்களாம். அவ்வசனத்தில் அதையடுத்து நிற்கிற 'இச்சகப்பேச்சு' இன்னும் வியப்பானது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது 'யூலொகியா'. புதிய ஏற்பாட்டின் மற்ற இடங்களில் ஆசீர்வாதம், ஸ்தோத்திரம் என்று நாம் வாசிக்கிற அதே சொல்! வஞ்சகனுடைய வாயில் அகப்பட்டபோது ஆசீர்வாதமே முகஸ்துதியாக மாறிவிட்டது. மும்பைத் தெருவில் இதற்கு 'மஸ்கா' என்று பெயர். நம் ஊரில் ஐஸ் வைப்பது என்கிறோம்.

கொலோசெயரில் உள்ள சொல் 'பித்தனொலொகியா'. நம்பத்தக்கதுபோல் தோன்றும் பேச்சு என்பது பொருள். பவுலுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே தத்துவஞானி பிளேட்டோ இச்சொல்லை நிரூபணத்துக்கு எதிராக நிறுத்தி எழுதியிருக்கிறார். நிரூபிக்க இயலாதவன் நம்பவைக்கப் பார்க்கிறான்.

அப்படியானால் இனிமையாகப் பேசி ஒருவரை இணங்கச் செய்வதே பாவமா? அப்படியன்று. பித்தனொலொகியாவின் வேரும், விசுவாசத்தைக் குறிக்கிற 'பிஸ்திஸ்' என்ற சொல்லின் வேரும் ஒன்றே. அகிரிப்பா ராஜா தன்னைப் பவுல் சம்மதிக்கப்பண்ணுவதாகச் சொன்னாரே, அங்கேயும் அதே வேர்தான். நீதிமொழிகள் 25:15 மெல்லிய நாவின் வல்லமையைப் புகழுகிறது. திருவள்ளுவர் அமைச்சனுக்குச் சொல்வன்மை என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதினிடம் நேரே குற்றஞ்சாட்டவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைக் கதையாகச் சொன்னான். ராஜா தன் வாயாலேயே தன்மேல் தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். அது நயம்தான். ஆனால் அந்தக் கதையினால் நாத்தானுக்கு ஒரு காசும் லாபமில்லை. உயிர்தான் ஆபத்தில் இருந்தது.

மறுபுறம் தெர்த்துல்லுவைப் பாருங்கள் (அப்போஸ்தலர் 24). பவுலுக்கு எதிராகப் பிரதான ஆசாரியன் அழைத்துவந்த வழக்குரைஞர் அவர். வழக்கைத் தொடங்குமுன் தேசாதிபதி பேலிக்ஸை வாயாரப் புகழுகிறார்: அவரால் நாட்டில் சமாதானமாம், அவருடைய பராமரிப்பினால் மக்களுக்கு நன்மையாம். அதே பேலிக்ஸின் நாட்களில் யூதேயா கொலைகளாலும் கலகங்களாலும் நிறைந்திருந்தது என்று யோசேப்பஸ் எழுதி வைத்திருக்கிறார். பவுலும் மரியாதையாகவே தொடங்கினார். ஆனால் பேலிக்ஸ் அநேக வருஷகாலமாய் அங்கே நியாயாதிபதியாக இருக்கிறார் என்ற உண்மைக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இவ்வளவையும் விளக்கி முடித்தேன். அவள் உட்காரவில்லை. "அப்படியானால் பாஸ்டர், நீங்கள் பிரசங்கத்தில் எங்களை அழவைப்பது நயவசனிப்பா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை அன்று அவர்களிடம் சொன்னேன். ஆராதனைக்கு ஒரு மனிதர் வந்தார். ஊர்ப்பக்கம் நெடுஞ்சாலையோரம் வீட்டுமனை, மாதத் தவணை, வயதான காலத்தில் சொந்த மண்ணுக்குத் திரும்பலாம் என்றார். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்துறங்குகிற நம் ஜனங்களுக்கு இதைவிட இனிக்கிற பேச்சு வேறென்ன? நான் பிரசங்க மேடையில் நின்று, "இவர் நம் சகோதரர், நம்பலாம்" என்று இரண்டே வார்த்தை சொன்னேன். வில்லங்கச் சான்றை நான் கேட்கவில்லை. பட்டா யார் பெயரில் என்று பார்க்கவில்லை. ஏழு குடும்பங்கள் பணம் கட்டின. நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற ஒரு விதவைத் தாய் முப்பது மாதம் கட்டினார்கள். பிறகு விசாரித்தபோது அந்த சர்வே எண் வேறொருவருடைய வயல் என்று தெரிந்தது. அந்த மனிதருடைய பேச்சுக்கு அவர்கள் மயங்கியிருக்கமாட்டார்கள். என் இரண்டு வார்த்தைக்குத்தான் பணத்தை எடுத்தார்கள். ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அந்த நாளிலிருந்து எங்கள் மேடையில் எந்த வியாபார அறிவிப்பும் கிடையாது.

இப்போது வஞ்சகன் சபைக்கு வரவேண்டியதுமில்லை, கைப்பேசியிலேயே வருகிறான். நயத்தோடு பயத்தையும் கூட்டிக்கொள்கிறான். முதலில் ஒருவன் போலீஸ் அதிகாரி என்று மிரட்டுகிறான். பிறகு இன்னொருவன், "பயப்படாதீர்கள் அம்மா, நான் உதவுகிறேன்" என்கிறான். இதற்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைது இல்லவே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். ஒருவன் உங்களை அவசரப்படுத்தினாலும், இதை வீட்டில் சொல்லாதீர்கள் என்றாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். நாத்தான் தாவீதை அவசரப்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அந்தப் பெண்ணின் தகப்பனார் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். மகனுக்கு வளைகுடாவில் வேலையாம். முன்பணம் புதன்கிழமைக்குள் கட்டவேண்டுமாம். "பையன் நல்ல மரியாதையாகப் பேசுகிறான் பாஸ்டர்" என்றார். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். காகிதங்களை மேசையில் பரப்பினோம். அழகான எழுத்து, வண்ண முத்திரை, விமானப் படம். மகள் முன்னும் பின்னும் புரட்டி, வரிவரியாக விரல்வைத்துத் தேடினாள்.

"பாஸ்டர், பதிவு எண் எங்கேயும் இல்லையே" என்றாள்.