ஜினீவாவில் நான்கு நாள்

ஐரோப்பாவுக்கு யாத்திரை புறப்படும் நம் தேசத்தார் பெருகி வருகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆனால் பத்து நாளில் ஏழு தேசம் என்று கணக்கிட்டுப் புறப்படும் கூட்டத்தாருக்கு ஜினீவா நகரத்தில் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். ஏரிக்கரையில் வண்டி நிற்கிறது; நீரூற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்; கையில் அகப்பட்ட சாக்லேட்டை வாங்கிக்கொண்டு பனிமலையை நோக்கி விரைகிறார்கள். பல வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைச் செலவழித்து, கடல் கடந்து போய், ஒரு நீரூற்றை மட்டும் பார்த்துத் திரும்புவது நியாயமா என்று கேட்கிறோம்.

பனிமலையை நாம் குறை கூறவில்லை. மலை எங்கே போய்விடப் போகிறது? ஆனால் நம் சுதந்தரப் போராட்டத்தின் சில ஏடுகள் ஜினீவா ஏரியின் கரையில் எழுதப்பட்டவை. அவற்றைப் புரட்டிப் பார்க்க அரை நாள் போதாது. நான்கு நாள் வேண்டும். அந்த நான்கு நாளை எப்படி வகுத்துக்கொள்ளலாம் என்று நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறப்படுமுன்

ஸ்விட்ஸர்லாந்து ஐரோப்பிய ஐக்கியத்தில் சேராத தேசம். அங்கே செல்லும் நாணயம் யூரோ அன்று, ஸ்விஸ் பிராங்க். ஆயினும் 2008-ம் வருஷக் கடைசியிலிருந்து அது ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்திருப்பதால், அந்த ஒரே விசாவைக்கொண்டு பிரான்ஸ், இத்தாலி முதலிய தேசங்களுக்கும் போகலாம். எந்தத் தேசத்தில் அதிக நாள் தங்க உத்தேசமோ அந்தத் தேசத்தாரிடமே விசாவுக்கு விண்ணப்பம் செய்ய வேண்டும். புறப்படும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். கோடை காலத்தில் கூட்டம் மிகுதியாதலால் மூன்று மாதம் முன்னதாகவே முயல்வது நலம். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத வைத்தியச் செலவு இன்ஷூரன்ஸும் அவசியம்.

மே முதல் செப்டம்பர் வரை செல்லத் தகுந்த காலம். குளிர்காலத்தில் 'பீஸ்' என்னும் வடகீழ்க் காற்று ஏரியின்மீது வீசி எலும்பை நடுக்கும். பல நாள் சூரியன் முகம் காட்டமாட்டான்.

ஜினீவா மிகவும் செலவு பிடிக்கும் நகரம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் சில சகாயங்கள் உண்டு. அங்கே ஹோட்டலில் தங்குவோருக்கு, தங்கும் நாள்வரையில், டிராம், பஸ், ஏரியைக் குறுக்கே கடக்கும் மஞ்சள் நிறச் சிறு படகுகள் எல்லாவற்றுக்கும் கட்டணமில்லாப் பிரயாணச் சீட்டுக் கொடுக்கிறார்கள். வீதிகளிலுள்ள குடிநீர்க் குழாய்களில் நல்ல தண்ணீர் வருகிறது. ஒரு புட்டி கையில் இருந்தால் தண்ணீருக்குச் செலவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்குமாதலால் சனிக்கிழமையே பழம், ரொட்டி, தயிர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மரக்கறி உணவினர் ஒன்று அறிந்திருக்கட்டும்: அத்தேசத்தின் பிரசித்தமான 'ஃபோந்து' என்னும் உருக்கிய பாற்கட்டியில் திராட்சை மதுவைச் சேர்ப்பது வழக்கம், 'க்ருயேர்' பாற்கட்டியைக் கன்றின் இரைப்பைச் சத்தைக்கொண்டே உறையவைக்கிறார்கள்.

முதல் நாள்: நீர்

முதல் நாளை ஏரிக்கே கொடுத்துவிடுவோம். ஏரியின் நீளம் சுமார் 73 கிலோமீட்டர்; பரப்பு 580 சதுர கிலோமீட்டர்; மிக ஆழமான இடம் 310 மீட்டர். கீழ்க்கோடியில் ரோன் நதி உள்ளே பாய்கிறது. மேற்குக் கோடியில், ஜினீவா நகரத்தின் நடுவே, வெளியேறுகிறது. புகுந்த நீர் வெளியேறச் சராசரியாகப் பதினோரு வருஷம் ஆகுமாம். வானம் தெளிவாக இருந்தால் தென்கிழக்கே மோன் பிளாங் சிகரத்தின் வெள்ளை முடி தெரியும்.

நீரூற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அது அழகுக்காகப் பிறந்ததன்று. 1886-ல் ரோன் நதிக்கரையில் இருந்த நீரியந்திர சாலை, கடிகாரத் தொழிலாளர் முதலியோரின் பட்டறைகளுக்கு நீரின் அழுத்தத்தால் சக்தி அளித்துவந்தது. மாலையில் பட்டறைகள் மூடப்பட்டதும் குழாய்களில் அழுத்தம் மிகுந்தது. அதைத் தணிக்கவே நீரை வானத்தில் பீச்சவிட்டார்கள். ஜனங்கள் கண்டு களித்ததால் 1891-ல் ஏரிக்கரைக்கு அதை மாற்றினார்கள். 1951-ல் அமைத்த பம்புகள் விநாடிக்கு 500 லிட்டர் ஏரி நீரை 140 மீட்டர் உயரத்துக்கு எறிகின்றன. பலத்த காற்று வீசும்போது நிறுத்திவிடுவார்கள்; ஆகையால் காற்றடங்கிய முதல் வாய்ப்பிலேயே பார்த்துவிட வேண்டும்.

மாலையில் ரோன் நதிக்கரையோடு நடந்து, ஆர்வ் நதி அதனோடு கூடும் இடத்துக்குப் போகலாம். ஏரியில் வண்டல் படிந்து தெளிந்த ரோன் நீலமாக வருகிறது. மலையிலிருந்து நேரே வரும் ஆர்வ் மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக வருகிறது. இரண்டும் சிறிது தூரம் ஒன்றையொன்று தீண்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதை மேலேயுள்ள பாலத்திலிருந்து காணலாம். இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள்: பழைய நகரம்

குன்றின்மேல் இருக்கும் பழைய நகரத்தைக் கால்நடையாகவே பார்க்க வேண்டும். புனித பியேர் ஆலயத்தில் கால்வின் பிரசங்கம் செய்தார். அதன் கோபுரத்தில் 157 படி ஏறினால் நகரமும் ஏரியும் காலடியில் விரியும். கீழே இறங்கினால் பூங்காவில் சீர்திருத்த இயக்கத்தின் நினைவுச் சுவர். 1909-ல் தொடங்கிய இச்சுவரின் நீளம் சுமார் நூறு மீட்டர். கால்வின் முதலிய நால்வரின் பெரிய சிலைகள் அதன் நடுவே நிற்கின்றன.

போப்பாண்டவரின் அதிகாரத்தை எதிர்த்த இந்நகரம், தன்னை எதிர்த்தவர்களை எப்படி நடத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். 1553-ல் மிகேல் செர்வேத்து என்னும் ஸ்பானிய வைத்தியரை, மதக்கொள்கையில் மாறுபட்டதற்காக ஷாம்பெல் மேட்டில் உயிரோடு எரித்தார்கள். 1903-ல், கால்வினைப் பின்பற்றுவோரே அங்கே பிராயச்சித்தமாக ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். 1712-ல் இவ்வூரில் பிறந்த ரூஸோவின் நூல்களை 1762-ல் இவ்வூராரே தீயிலிட்டார்கள். 1835-ல் ஏரிமுகத்துச் சிறு தீவு ஒன்றில் அவருக்குச் சிலை வைத்து, தீவுக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள். இரண்டும் ஒரே பகலில் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

நகர மண்டபத்தையும் தவறவிடலாகாது. 1859-ல் ஸோல்பெரினோ யுத்தகளத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காயமுற்றோரைக் கண்டு மனம் கலங்கிய ஆன்ரி துய்னான் என்னும் ஜினீவா வியாபாரி 1862-ல் ஒரு நூல் எழுதினார். மறு வருஷமே செஞ்சிலுவைச் சங்கத்தின் வித்தான கமிட்டி கூடியது. 1864 ஆகஸ்டு 22-ந் தேதி முதல் ஜினீவா உடன்படிக்கை இம்மண்டபத்தில் கையெழுத்தாயிற்று. துய்னான் பிற்பாடு வியாபாரத்தில் நொடித்து, ஊரை விட்டு வெளியேறி, வறுமையில் வாழ்ந்தார். 1901-ல் முதல் நோபெல் சமாதானப் பரிசைப் பகிர்ந்து பெற்றவர் அவரே.

மூன்றாம் நாள்: நம் தேசத்தின் நாற்காலி

மூன்றாம் நாள் காலையில் டிராம் ஏறி, ஐக்கிய நாடுகளின் மாளிகைக்குப் போவோம். பார்வையாளரை அனுமதிக்கிறார்களா என்று முன்னதாகவே விசாரித்துப் பதிவு செய்துகொண்டு, கடவுச்சீட்டைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். மயில்கள் உலாவும் பெருந்தோட்டத்தில், முந்தைய சர்வதேச சங்கத்துக்காக 1929-ல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. வாயிலுக்கு எதிரே, ஒரு கால் ஒடிந்த 12 மீட்டர் உயர மர நாற்காலி நிற்கிறது. கண்ணிவெடிகளால் அங்கம் இழந்தோர் நினைவாக 1997-ல் வைத்தது.

நம்மவர்கள் நினைக்க வேண்டிய நாற்காலி வேறொன்று உண்டு. 1920-ல் சர்வதேச சங்கம் கூடியபோது இந்தியா அதன் ஆதி அங்கத்தினர்களுள் ஒன்று. தன்னைத் தானே ஆளாத ஒரு தேசத்துக்கு, உலக சுதந்தரம் பேசும் சபையில் இடம்! பிரதிநிதிகளைப் பொறுக்கி அனுப்பியவர்கள் நம் ஜனங்கள் அல்லர், ஆங்கில அரசாங்கத்தார். 1936 ஜூன் மாதத்தில் அபிஸீனியச் சக்கரவர்த்தி ஹெய்லி செலாஸி இந்நகரில் அச்சபையின் முன் நின்று, இத்தாலி தம் ஜனங்கள்மேல் விஷவாயு பொழிந்ததை முறையிட்டார். சபை கேட்டது; காப்பாற்றவில்லை. 1946-ல் அது கலைந்தது. சொந்தத் தேசத்தில் பலமில்லாதவனுக்கு உலக சபையின் நாற்காலி எவ்வளவு உதவும் என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி.

அதே காலத்தில், நாற்காலி இல்லாத இந்தியர் சிலர் இவ்வூரில் வேறு காரியம் செய்துகொண்டிருந்தார்கள். காமா அம்மையாரின் 'வந்தே மாதரம்' பத்திரிகை 1909-ல் ஜினீவாவிலிருந்து வெளிவந்தது. லண்டனில் 'இந்தியா ஹவுஸ்' நிறுவிய சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1914-ல் இங்கே குடியேறி 1930-ல் காலமானார். தாய்நாடு விடுதலை பெற்ற பின்னரே தம் அஸ்தி அங்கே போக வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய அஸ்தியும் மனைவி பானுமதி அம்மையாரின் அஸ்தியும் இந்நகரத்து ஸேன் ஜார்ஜ் மயானத்தில் காத்திருந்தன. 1947-ல் விடுதலை வந்தது. அஸ்தி வந்தது 2003-ல். மத்திய சட்டசபையின் தலைவராயிருந்த விட்டல்பாய் படேல் 1933 அக்டோபரில் இந்நகரை அடுத்த ஒரு வைத்திய விடுதியில் உயிர் நீத்தார். 1926-ல் மனைவி கமலாவின் சிகிச்சைக்காக வந்த ஜவஹர்லால் நேரு இங்கேதான் தங்கினார். சிறுமி இந்திரா இங்கே பள்ளிக்கூடம் போனாள்.

மாலையில் விக்டோரியா மண்டபத்தைப் பார்க்கலாம். ஆங்கிலக் கான்ஸல் ஒருவர் விக்டோரியா மகாராணியின் பெயரால் கட்டிக்கொடுத்த சங்கீத மண்டபம் அது. 1931 டிசம்பர் 10-ந் தேதி மகாத்மா காந்தி அம்மண்டபத்தில் பேசினார். சக்கரவர்த்தினியின் பெயர் சுவரில் இருந்தது. அவருடைய சாம்ராஜ்யத்தை அசைத்த மனிதர் மேடையில் இருந்தார்.

நான்காம் நாள்: வில்நெவ்

கடைசி நாள் விடியற்காலையில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணியில் மோந்த்ரே போய்ச் சேரலாம். ஏரிப் பக்கமாக ஜன்னல் ஓரத்தில் உட்கார வேண்டும். வழியில் மலைச்சரிவெல்லாம் படிப்படியாக அமைந்த லாவோ திராட்சைத் தோட்டங்கள். மோந்த்ரேயிலிருந்து சில்லோன் கோட்டை அருகில்தான். சவாய் பிரபுவை எதிர்த்த போனிவார் என்பவர் அதன் நிலவறையில் 1536 வரையில் சிறையிருந்தார். அவரைப் பற்றிக் கவி பைரன் 1816-ல் பாடிய பின் இக்கோட்டை உலகப் புகழ் பெற்றது.

கோட்டையிலிருந்து ஏரியோரமாக அரை மணி நடந்தால் வில்நெவ் என்னும் சிற்றூர். பிரெஞ்சு ஆசிரியர் ரோமெய்ன் ரோலாந்து இவ்வூரில் வாழ்ந்தார். மகாத்மாவை நேரில் காணுமுன்பே, 1924-ல், அவருடைய சரித்திரத்தை எழுதி ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர் அவர். அவர் வாயிலாக மகாத்மாவை அறிந்து நம் நாட்டுக்கு வந்தவரே மீரா பென். லண்டனில் வட்டமேஜை மகாநாடு கைகூடாமல் முடிந்த பின், 1931 டிசம்பரில், மகாத்மா இங்கே வந்து ஐந்து நாள் ரோலாந்துடன் தங்கினார். அப்பொழுதுதான் இருவரும் முதன்முதல் சந்தித்தார்கள். ரோலாந்து அவருக்காகப் பியானோவில் பீத்தோவனின் சங்கீதத்தை வாசித்தார். பக்கத்து நகரமான லோஸானில் நடந்த கூட்டத்தில், கடவுளே சத்தியம் என்று சொல்லிவந்த தாம் சத்தியமே கடவுள் என்று சொல்லத் தொடங்கியதன் காரணத்தை மகாத்மா விளக்கினார். தாயகம் திரும்பிய சில நாளில், 1932 ஜனவரி 4-ந் தேதி, அவரைச் சிறையில் அடைத்தார்கள்.

திரும்பும்போது லோஸானில் இறங்கலாம். கமலா நேரு 1936 பிப்ரவரி 28-ந் தேதி அந்நகரில்தான் காலமானார். அங்கிருந்து, பருவ காலமானால், பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்களில் ஒன்றில் ஏறி ஜினீவா சேரலாம். கப்பல் புறப்படும் நேரத்தை முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்வது முக்கியம்.

ஒரு நாள் மிஞ்சினால்

ஐந்தாவது நாள் அகப்பட்டால் 18-ம் எண் டிராமில் 'ஸெர்ன்' விஞ்ஞான ஸ்தாபனத்துக்குச் செல்லலாம். பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்க வளையத்தில் அணுவின் நுண்துகள்களை மோதவிட்டு ஆராய்கிறார்கள். 2023-ல் திறந்த காட்சிசாலைக்குக் கட்டணமில்லை, திங்கட்கிழமை விடுமுறை. ஸ்தாபனத்தின் உள்வளாகத்தில், இந்திய அரசாங்கம் 2004-ல் அளித்த, இரண்டு மீட்டர் உயர நடராஜர் விக்கிரகம் நிற்கிறது. வழிகாட்டியுடன் உள்ளே செல்ல அனுமதி கிடைத்தால் தரிசிக்க வாய்ப்பு உண்டு. தில்லைக் கூத்தனை அவ்விடத்தில் காணும் தமிழர் சிறிது நேரம் பேச்சற்று நிற்பார்கள் என்பதில் ஐயமில்லை.

குழந்தைகளை அழைத்துச் செல்வோருக்கு ஒரு வார்த்தை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி ஒதுக்கி, மேலே சொன்ன பெயர்களில் ஒவ்வொன்றாக எடுத்து அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். போகும் இடத்தில் மண்டபத்தையும் கல்லையும் அவர்களே அடையாளம் கண்டு உங்களுக்குக் காட்டுவார்கள். நீரூற்றின் முன்னால் படம் எடுத்துக்கொள்வதில் தடையில்லை. அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.