30 ஆம் எண்ணும் நம் அகரமும்

வளைகுடா நாடுகளின் கடைகளில் விற்கப்படும் கணினி விசைப்பலகைகளில், ஆங்கில எழுத்தும் அரபு எழுத்தும் அருகருகே பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். தமிழ் எழுத்து அங்கு இல்லை. ஆதலால் இப்பலகையில் தமிழ் எழுத இயலாது என்று எம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். தமிழ்ச் சொற்களையும் ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழகிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. அதனை உணர்வதற்கு, விசையை அழுத்திய கணத்தில் கணினிக்குள் நிகழ்வது யாதென அறிதல் வேண்டும்.

சாதன இயக்கி

விசைப்பலகை, சுட்டி, அச்சுப்பொறி, ஒலிபெருக்கி ஆகிய சாதனங்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய முறையிலேயே செய்தி அனுப்பும். விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் அவை அனைத்தின் நுணுக்கங்களையும் தானே அறிந்திருத்தல் அரிது. எனவே சாதனத்துக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளரைப் போல ஒரு நிரல் நிற்கின்றது. அதுவே சாதன இயக்கி. ஆங்கிலத்தில் டிவைஸ் டிரைவர் என்பர்.

இயக்கிகள் பல, இயங்குதளத்தின் கருப்பகுதியிலே தொழிற்படுவன. அங்கு நேரும் சிறு பிழையும் கணினி முழுவதையும் நிறுத்திவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான கோப்பொன்றினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. அக்கோப்பைப் படித்தது கருப்பகுதியில் இயங்கிய ஓர் இயக்கியே. ஆகையால் இயக்கி எழுதுவோர்க்குப் பொறுமையும் கவனமும் இன்றியமையாதன.

ஒரு விசையின் பயணம்

இனி 'ஏ' விசையை எடுத்துக்கொள்வோம். அதனை அழுத்தும்போது கணினிக்குச் செல்வது ஏ என்னும் எழுத்தன்று. ஓர் எண் மட்டுமே. தனிமேசைக் கணினிகளின் பழைய முறைப்படி அவ்வெண் 30. விரலை எடுத்ததும் 158 என்னும் எண் செல்லும். அதாவது 30 உடன் 128 ஐக் கூட்டிய தொகை. யூ.எஸ்.பி. விசைப்பலகையோ அதே விசைக்கு 4 என்னும் எண்ணை அனுப்பும். இவ்வேறுபாடுகளைத் தீர்த்து, இன்ன இடத்து விசை அழுத்தப்பட்டது என இயங்குதளத்துக்கு அறிவிப்பதே இயக்கியின் கடமை. அதற்கு எம்மொழியும் தெரியாது. விசையின் மேலுள்ள எழுத்து வெறும் வண்ணப்பூச்சே.

எண்ணை எழுத்தாக்குவது அதற்கடுத்த படியாகிய மொழி அமைப்பு. அது பெரிதும் ஓர் அட்டவணையே. ஆங்கில அட்டவணையில் அவ்விசைக்குச் சிறிய 'ஏ' கிடைக்கும். அதன் குறியெண் 97. அரபு அட்டவணையில் ஷீன் என்னும் எழுத்து, குறியெண் 1588. தமிழ்99 அட்டவணையில் நமது அகரம், குறியெண் 2949. விசை ஒன்று, இயக்கியும் ஒன்று. மாறுவது அட்டவணை மட்டுமே.

அரபு மொழியும் இலகுவில் கணினிக்குள் வந்துவிடவில்லை. வலமிருந்து இடமாக எழுதப்படுவதோடு, சொல்லின் முதல், இடை, கடை என இடத்துக்கேற்ப எழுத்தின் வடிவமும் அதில் மாறும். 1982 இல் குவைத்தில் முகம்மது அல் ஷாரிக் தொடங்கிய நிறுவனம், சக்ர் என்னும் பெயரில் அரபு பேசும் மக்களுக்கான கணினிகளை வெளியிட்டது. தம் மொழிக்குரியதைத் தாமே செய்தல் வேண்டும் என்ற துணிவு அங்கிருந்தது.

முகமூடி அணிந்த எழுத்து

நம்மவரும் வாளாவிருக்கவில்லை. ஆயினும் தொடக்கத்தில் கைக்கொண்ட வழி வேறு. புலம்பெயர்ந்த எம்மிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என எழுதினால், கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிய ஆங்கிலக் குறிகளையே. எழுத்துரு அவற்றின்மீது தமிழ் முகமூடி அணிவித்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மாவைக் காண முடியாது; பொருளற்ற ஆங்கிலக் குறிகளே எஞ்சும். நாடுகள் பலவற்றில் சிதறிய குடும்பங்கள் எழுதி வைத்த மடல்களும் ஊர் வரலாறுகளும் கல்வெட்டு மலர்களும் இன்று இந்நிலையில் உறங்குகின்றன.

இதற்கு மருந்து ஒருங்குறி. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் தரப்பட்டது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றது. இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகை 2008 ஆம் ஆண்டின் தேசியத் தரத்தில் இடம்பெற்றது.

தமிழ்99 இன் நெறி நம் இலக்கணத்தை ஒட்டியது. 'அம்மா' என எழுத ஏ, கே, கே, கியூ என்னும் நான்கு விசைகள் போதும்: அ, ம, ம, ஆ. ஒரே மெய் இருமுறை வரின் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். மெய்யை அடுத்து உயிர் வரின் உயிர்மெய்யாகும். நான்கு விசைகளுக்குக் கணினி சேமிப்பதோ ஐந்து எண்கள்: 2949, 2990, 3021, 2990, 3006. இவ்வெண்கள் துபாயிலும் தொறொன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் 'அம்மா' என்றே படிக்கப்படும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கணினியின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அந்த நான்கு விசைகளை இன்றே அழுத்திப் பாருங்கள். கணிதத்திலும் நிரலாக்கத்திலும் ஆர்வமுள்ளோர் இயக்கிகள் எழுதும் கலையையும் கற்க முன்வாருங்கள். பெற்றோரே, பழைய எழுத்துருவில் உள்ள குடும்பக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி வைப்பீராக. அவற்றை எழுதியோர் நம்மோடு இருக்கும்போதே, ஐயமான இடங்களைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.