ஹோம் தியேட்டர் பைபாஸ்

ஹோம் தியேட்டர் பைபாஸ் என்பது பிரீஆம்ப் எனப்படும் ஸ்டீரியோ முன்மிகைப்பிகள் சிலவற்றில் உள்ள ஓர் உள்ளீட்டு வசதி ஆகும். இவ்வழி வரும் ஒலிக்குறிகை, முன்மிகைப்பியின் ஒலியளவுக் குமிழால் மாற்றப்படாமல் திறன்மிகைப்பியைச் சென்றடைகிறது. இதனால் ஒரே சோடி முன் ஒலிபெருக்கிகளை இசைக்கும் திரைப்படத்துக்கும் பயன்படுத்தலாம்.

தேவை

இளையராஜாவின் ஹௌ டு நேம் இட் (1986) போன்ற இருதட இசைத்தொகுப்புகளுக்கு ஸ்டீரியோ முன்மிகைப்பி போதுமானது. 5.1 சூழொலித் திரைப்படங்களுக்கோ ஆறு தடங்களையும் பிரித்துத்தரும் ஏவி ரிசீவர் தேவை. ரிசீவரை முன்மிகைப்பியின் சாதாரண உள்ளீட்டில் இணைத்தால், முன் ஒலிபெருக்கிகளை மட்டும் இரண்டு குமிழ்கள் கட்டுப்படுத்தும். முன்மிகைப்பியின் குமிழ் சற்று நகர்ந்தாலும் பிற ஒலிபெருக்கிகளுடனான சமநிலை குலையும். பைபாஸ் இச்சிக்கலைத் தீர்க்கிறது.

இணைக்கும் முறை

* ரிசீவரின் முன் இடது, வலது பிரீ-அவுட் முனைகள் பைபாஸ் உள்ளீட்டில் இணைக்கப்படும்.
* முன்மிகைப்பியின் வெளியீடு, திறன்மிகைப்பி வழியாக முன் ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும்.
* மைய, சூழொலி ஒலிபெருக்கிகள் ரிசீவரிலேயே இணைக்கப்படும்.
* ரிசீவரின் ஒலிச் சீரமைவு பைபாஸ் நிலையில் செய்யப்படல் வேண்டும்.

எச்சரிக்கை

பைபாஸ் நிலையில் முன்மிகைப்பியால் ஒலியளவைக் குறைக்க இயலாது. ஆகவே தனக்கென ஒலியளவுக் கட்டுப்பாடு இல்லாத குறுந்தட்டு இயக்கி போன்ற கருவிகளை அவ்வுள்ளீட்டில் இணைத்தல் கூடாது. இணைத்தால் முழு அளவுக் குறிகை திறன்மிகைப்பியை அடைந்து, ஒலிபெருக்கிகளும் கேட்போர் செவிகளும் பாதிக்கப்படக்கூடும்.