பெயர் மாறிய வன்தட்டு

‘எஸ்.டி.பி’ என்ற பெயரை நம்பி என் பாட்டியின் குரலைத் தொலைத்தேன்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நாள்களைப் பற்றிப் பாட்டி பேசியதை, பல்கலைக்கழகப் பாடத்துக்காக நான்கு மணி நேரம் பதிவு செய்திருந்தேன். அது குறியாக்கம் செய்த ஒரு வன்தட்டில் இருந்தது. கடவுச்சொல் இல்லாமல் யாரும் திறக்க முடியாது. என்னிடம் இருந்த இன்னொரு பழைய வன்தட்டும் அப்படித்தான். அதைத் துடைத்துப் புதிதாக்க நினைத்தேன்.

முதல் நாள் பார்த்தபோது பழையதுதான் எஸ்.டி.பி. மறுநாள் இரண்டையும் கழற்றி மாட்டியதும் அந்தப் பெயர் மற்றதற்குப் போய்விட்டது. லினக்ஸ் தான் கண்டுகொள்ளும் வரிசையில்தான் தட்டுகளுக்குப் பெயர் கொடுக்கிறது. கிளினிக்கில் எடுக்கும் எண்ணைப் போலத்தான். நேற்று 7 நான், இன்று 7 வேறு யாரோ.

கட்டளையைத் தட்டினேன். ‘இதில் ஏற்கெனவே குறியாக்கம் உள்ளது’ என்று எச்சரிக்கை வந்தது. இரண்டிலும்தானே உள்ளது! கேட்டபடி பெரிய எழுத்தில் ‘யெஸ்’ என்று தட்டினேன். சில விநாடிகளில் முடிந்தது. தட்டைத் திறக்கும் சாவி அதன் தொடக்கத்தில் உள்ள தலைப்பகுதியில் இருக்கிறது. அது அழிந்தால் சரியான கடவுச்சொல்லும் உதவாது. திருடனுக்குப் போட்ட பூட்டு எனக்கும் பூட்டாகிவிட்டது.

இப்போது ஒவ்வொரு குறியாக்கப் பகுதிக்கும் லேபல் வைக்கிறேன். ‘லக்ஸ்’ இரண்டாம் பதிப்பில் ‘கிரிப்ட்செட்அப் கான்ஃபிக்’ கட்டளை போதும், தரவு அழியாது. எந்தத் துளையில் செருகினாலும் ‘பை-லேபல்’ கோப்புறையில் அதே பெயரில் நிற்கும். முதல் பதிப்பில் லேபலுக்கு இடமில்லை, மாறாத யு.யு.ஐ.டி எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். உள்ளே இருக்கும் கோப்பு முறைமைக்கு வைக்கும் லேபல் வேறு. பூட்டைத் திறந்த பிறகுதான் அது தெரியும். இரண்டையும் நான் முதலில் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

வெளி லேபலைக் கடவுச்சொல் இல்லாமலே யாரும் படிக்கலாம். அதனால் ‘பாட்டி’ என்று வைக்காமல், உறையின் நிறத்தைப் பார்த்து ‘நீலம்’ என்று வைத்தேன். தலைப்பகுதியின் நகல் ஒன்றும் தனியாக இருக்கிறது. சுமார் 16 எம்பிதான், அன்றைக்கே எடுத்திருக்கலாம்.

விடுமுறையில் பாட்டியிடம் மறுபடி போனேன். “அதான் எல்லாத்தயும் சொல்லிட்டேனே, ஐயா” என்றார். இந்த முறை இரண்டு மணி நேரம்தான் பேசினார். அது நீலத்தில் இருக்கிறது.