மணிக்கட்டுக்குள் ஒரு சுரங்கம்

பிள்ளைகளே, ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழையும்போது கூச்சல் போட்டிருக்கிறீர்களா? அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம் அது. உங்கள் கைக்குள்ளும் ஒரு சுரங்கம் இருக்கிறது!

இடது மணிக்கட்டை வலது கையால் மெல்லப் பிடியுங்கள். இடது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள். உள்ளே கயிறுகள் ஓடுவது தெரிகிறதா? அவைதான் தசைநாண்கள். 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு குறுகிய வழியால் உள்ளங்கைக்குப் போகின்றன. அந்த வழிக்குத் தரையும் சுவரும் எலும்பு. கூரை, கெட்டியான நார்ப்பட்டை. இதுதான் மணிக்கட்டுச் சுரங்கம்.

மலையில் அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பதைக் கவனியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளும். மணிக்கட்டு வளையும். கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலால் கூடைக்குள் விழும். ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு கொழுந்து 1 கிராம் என்றால், ஒரு நாளில் எடுக்கும் 18 கிலோவுக்கு 18,000 கொழுந்து. ஒரு தடவைக்கு மூன்று கிள்ளினாலும் 6,000 தடவை. இரண்டு கைகளும் பங்குபோட்டாலும் ஒரு கைக்கு 3,000!

நாள்தோறும் இப்படி உழைத்தால் தசைநாண்களின் உறை வீங்கக்கூடும். எலும்புச் சுவரோ விலகிக் கொடுக்காது. அகப்பட்டு நசிவது மென்மையான நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை விறைத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிவிடும், அதன் நரம்பு வேறு வழியால் போகிறது. இரவில்தான் தொல்லை கூடும். தூக்கம் கலைந்து கையை உதறத் தோன்றும். கவ்வாத்துக் கத்தியை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கும், அதிரும் இயந்திரம் பிடிப்பவர்களுக்கும் இது வரலாம்.

இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, இப்படித் தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம், "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றும் வைத்தியர்கள் கேட்க வேண்டும் என்றார்.

இரவில் அம்மா எழுந்து கையை உதறினால், "சுண்டுவிரலும் விறைக்குதா அம்மா?" என்று கேளுங்கள். வைத்தியரிடம் சீக்கிரம் போகச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே போனால், இரவில் மணிக்கட்டை வளையாமல் வைக்கும் பட்டியே பலருக்குக் குணம் தரும். முற்றிவிட்டால் கூரைப் பட்டையை வெட்டிவிடும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். கவனிக்காமலே விட்டால் கட்டைவிரலின் அடித்தசை மெலிந்துபோகும்.

வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "எங்கள் அம்மா கொழுந்து எடுக்கிறார்."